வாடகை வீட்டில் பழுதா? யாரிடம் சொல்வது?

குளியலறைக் கூரை ஈரம் படிந்து கறுத்திருக்கிறது. சமையலறைக் குழாய், மூடினாலும் சொட்டுகிறது. தனியாக வாழும் மூத்தோர் பலர் இதற்கெல்லாம் பழகிவிடுகிறார்கள். வாளி வைத்து நீரைப் பிடிக்கிறார்கள், தரையில் பழைய துணியை விரிக்கிறார்கள். பிறகு அந்தத் துணியே காலைத் தடுக்கிவிடுகிறது.

வீட்டின் பழுது உங்கள் உடல்நலத்தையும் பாதிக்கும். ஈரச் சுவரில் வளரும் பூஞ்சணம், ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்கு இருமலையும் மூச்சுத்திணறலையும் கூட்டும். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பழைய புளோக்குகளில் கூரைக் காரை பெயர்வதும் உண்டு. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருப்பதால் காரை விரிசல் விட்டு விழுகிறது. அதன் கீழே படுக்கவோ உட்காரவோ வேண்டாம். துடைப்பக் கட்டையால் தட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

வீவக வாடகை வீட்டில் குடியிருக்கிறீர்களா? வீட்டுக்குள் இருக்கும் பழுதை வீவக கிளை அலுவலகத்திடம் தெரிவியுங்கள். தொலைபேசி எண் 1800 225 5432. நடைபாதை விளக்கு, மின்தூக்கி, படிக்கட்டு போன்ற பொது இடங்களை நகர மன்றம் கவனிக்கிறது. அதன் 24 மணி நேர அவசரப் பராமரிப்பு எண்ணை உங்கள் புளோக்கின் அறிவிப்புப் பலகையில் பாருங்கள். அதைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டிவைப்பது நல்லது. கூரையில் ஒழுகினால் மேல்மாடிக்காரரிடம் போய்ச் சண்டை போடத் தேவையில்லை. எங்கிருந்து கசிகிறது என்பதை அதிகாரிகள் வந்து பார்க்கட்டும்.

“சொன்னால் வாடகையை ஏற்றிவிடுவார்களோ, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ” என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. வீவக வாடகை உங்கள் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. கூரை ஒழுகுகிறது என்று சொல்வதால் அது கூடாது. சொல்லாமல் விட்டால் சிறிய கசிவு பெரிதாகும். அழைத்த தேதியையும் பேசியவரின் பெயரையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். பேரப்பிள்ளை வந்தால் பழுதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். மறுபடி அழைக்கும்போது இரண்டும் உதவும்.

தனியாரிடம் வீடோ அறையோ வாடகைக்கு எடுத்தவர்களுக்கு வழி வேறு. எந்தப் பழுதை யார் சரிசெய்வது என்பது வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும். சிறு பழுதுச் செலவைக் குறிப்பிட்ட தொகைவரை வாடகைதாரரே ஏற்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் கூறுகின்றன. கையெழுத்திடுமுன் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். வீட்டு உரிமையாளரிடம் நேரில் சொன்னாலும், குறுஞ்செய்தியும் அனுப்புங்கள். பணத் தகராறாக முற்றினால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தை அணுகலாம். 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்கள் தொடர்பாக, 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. அங்கு வழக்கறிஞர் வைக்க முடியாது, அதனால் அந்தச் செலவும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா கொஞ்ச நாளாகக் குளிக்கவே தயங்குகிறாரா? குளியலறைத் தரை வழுக்குகிறதோ என்று கேட்டுப் பாருங்கள். அவர் சம்மதித்தால் அவர் சார்பில் நீங்களே அழைக்கலாம், அல்லது அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் சொல்லலாம். சம்மதம் கேட்காமல் செய்தால் அவர் மனம் வருந்தலாம். பராமரிப்பு உதவிக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணிலும், வாடகை கட்டவே சிரமமென்றால் காம்கேர் தொலைபேசிச் சேவையை 1800 222 0000 என்ற எண்ணிலும் அழையுங்கள்.