உப்புத் தண்ணீர் – 17: கடலைக் கட்டியவர்கள்

சென்ற வாரம் பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு கலங்கல் நீரில் நின்றுகொண்டிருந்தோம். அந்த ஏரியில் பூநாரை பார்க்கலாம், இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். தண்ணீருக்குள் முகத்தை நுழைத்தால் மட்டும் நம் கையே நமக்குத் தெரியாது. திருவாலங்காடு மாதிரி கடலைவிட்டு விலகிய ஊர்க்காரர்கள் நீருக்கடியில் வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டால் ரயிலேறித் தெற்கேதான் போகவேண்டும். மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கம்.

அங்கே வடகடல், தென்கடல் என்று இரண்டு உண்டு. பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் புரண்டு அடிக்கும், வடகடல் சாதுவாகக் கிடக்கும். வாடை தொடங்கினால் தலைகீழ். எந்தக் கடல் அடங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் படகைத் தள்ளி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் கொடுத்துக் குப்புற மிதக்கவிடுகிறார்கள். இதற்குப் பெயர் ஸ்நார்கெலிங். முதல் ஐந்து நிமிடம் நம் மூச்சுச் சத்தம் தவிர வேறெதுவும் காதில் விழாது.

கடல்புல்லுக்கு நடுவே வெறும் மணல் திட்டு ஒன்று. அதில் இரண்டு கண்கள் மட்டும் இருந்தன. தலை இல்லை, உடம்பு இல்லை, கண்கள் மட்டும். கண்ணுக்குப் பின்னாலிருந்த துளை ஒன்று திறந்து மூடியது, பக்கத்து மணல் துகள்கள் லேசாக அசைந்தன. நான் இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் மணல் முழுக்க எழும்பியது. முறத்தளவு உடம்பு ஒன்று ஓரங்களை மடித்து மடித்து விரித்தபடி, நீண்ட வாலை இழுத்துக்கொண்டு புல்லுக்கு மேலாகப் போய்விட்டது.

படகுக்காரத் தம்பியிடம் சொன்னபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “திருக்கைண்ணே. அது பாட்டுக்குப் போயிரும். எறங்கி நடக்கும்போது மட்டும் காலத் தூக்கி வச்சிராதீங்க. தேச்சுக்கிட்டே நடங்க.”

நம் ஊர் மீன்கூடையில் துண்டு துண்டாகப் பார்த்துப் பழகிய மீன்தான். பிள்ளை பெற்றவளுக்குக் குழம்பாகவும் புட்டாகவும் போகிறது. அந்தக் காலத்து மிராசுகளின் திருக்கைவால் சவுக்கு பற்றிப் பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்போம். உயிரோடு பார்த்தால்தான் அதன் உடலமைப்பு புரிகிறது. கண் மேலே, வாய் அடியில். மணலில் புதைந்து கிடக்கும்போது வாயால் நீரை இழுத்தால் மண்ணும் சேர்ந்து வரும் என்பதால், கண்ணுக்குப் பின்னாலுள்ள துளை வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாலின் மேற்புறத்தில் இரு ஓரமும் ரம்பம்போலப் பல் வைத்த முள். அதன் மேல் உறையில் நஞ்சு. அது துரத்தி வந்து குத்தும் பிராணி அல்ல. மேலே கால் விழுந்தால் வால் தானாக மேலே சுண்டும். காலைத் தேய்த்து நடந்தால் மணல் அதிர்வதை உணர்ந்து முன்னாலேயே விலகிவிடும்.

முதலைகளோடு புரண்டு உலகப் புகழ் பெற்ற ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின், 2006 செப்டம்பர் 4 அன்று பவளத்திட்டு ஒன்றில் ஆழமில்லாத நீரில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது இறந்தது இந்தத் திருக்கையின் முள் நெஞ்சில் பாய்ந்துதான். அப்படி நடப்பது அபூர்வத்திலும் அபூர்வம். கணுக்காலில் குத்து வாங்குவதுதான் வழக்கம்.

ஆனால் இந்தக் கடலைப் பற்றிய பழைய எழுத்துகளைப் புரட்டினால் திருக்கைக்கு அங்கே பெரிய இடமில்லை. பயமெல்லாம் அதன் பங்காளியான சுறாவிடம். அந்தப் பயத்தை வைத்துப் பல நூற்றாண்டுகள் ஒரு தொழிலே நடந்திருக்கிறது. முத்துக் குளிக்கும் சலாபத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவருக்குக் கடல்கட்டி என்று பெயர்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கணக்கையே எழுதி வைத்திருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு பெரிய மீன்களை மந்திரத்தால் அடக்குபவர்களுக்கு. அரசன் வாங்கியதில் பாதி! அதைவிட எனக்குப் பிடித்தது அவர் சொல்லும் இன்னொரு விவரம். கட்டு பகலுக்கு மட்டும்தான், பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்களாம். ராத்திரியில் திருட்டுத்தனமாக மூழ்க நினைப்பவன் அவிழ்ந்த சுறாவை நினைத்து வீட்டிலேயே படுத்துக்கொள்வான். சம்பளமில்லாத காவல்.

1803-இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கில ராணுவ அதிகாரிக்கு இவர்கள்மேல் மரியாதை குறைவு. படகுகள் திரும்பும்வரை கரையில் நின்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஜெபிக்க வேண்டியவர்கள், சில நாள் கள்ளைக் குடித்துவிட்டு நிற்கவே முடியாமல் போகிறார்கள் என்று எழுதுகிறார். ஒரு குளியாளின் காலைச் சுறா கடித்துவிட்டது, தலைமை மந்திரவாதியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. மலையாளக் கரையிலிருந்து தனக்கு ஆகாத சூனியக்காரி ஒருத்தி வந்து எதிர்மந்திரம் வைத்துவிட்டாள், இனிமேல் போடும் கட்டில் சுறாக்கள் ஆட்களுக்கு நடுவே வந்தாலும் வாயைத் திறக்க முடியாது என்றாராம்.

ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் இலங்கையில் காலனியச் செயலாளராக இருந்தவர். மன்னாருக்குத் தெற்கே அரிப்புச் சலாபத்தை அவர் பார்க்கப் போனபோது கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை, பதிலாளைத்தான் அனுப்பியிருந்தார். பரம்பரை உரிமை கடல்கட்டியின் குடும்பத்துக்கு, அப்போதைய தலைவரோ ரோமன் கத்தோலிக்கர். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வந்த பதிலாள் ஒளிக்காமல் சொன்னார்: மந்திரம் தனக்குத் தெரியாது, ஆனாலும் பெரியவரின் பிரதிநிதி நிற்கிறார் என்று சுறாக்கள் மதித்து விலகும். தாசில்தார் லீவில் இருக்கும்போது சீல் வைத்துக்கொடுக்கும் குமாஸ்தா நினைவுக்கு வருகிறார்.

சிரிக்கலாம். ஆனால் அதே டென்னன்ட், ஆங்கிலேயர் காலத்தில் அந்தச் சலாபங்களில் உறுதியாகத் தெரிந்த சுறா விபத்து ஒன்றுக்கு மேல் இல்லை என்றும் பதிவு செய்கிறார். ஏராளமான படகுகள், கல்லைக் கட்டிக்கொண்டு அடிக்கடி இறங்கும் ஆட்கள், கயிறு இழுப்பவர்களின் கூச்சல். அந்த அமளிக்குச் சுறா வந்தால்தான் அதிசயம் என்று நினைக்கிறேன். கடல்கட்டியின் வேலை சுறாவிடம் இல்லை, கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கத் தயங்கும் ஆளிடம். கட்டு போட்டாயிற்று என்றால்தான் அவர் இறங்குவார். அவர் இறங்கினால்தான் அரசனுக்குப் பத்தில் ஒன்று.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. சிப்பி போயிற்று, கடல்கட்டியும் போயிற்று. மூழ்குகிறவர்கள் போகவில்லை. பாம்பன், ராமேசுவரம் பகுதியில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணில் கண்ணாடி, விரல்களில் சுற்றிய கந்தல் துணி. பாசி ஒட்டியிருக்கும் பாறை விரலைக் கிழிக்கும், அதற்குத்தான் துணி. நாம் காசு கொடுத்து வாங்கும் மூச்சுக்குழாய் அவர்களிடம் கிடையாது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா அறிவித்த பிறகு அவர்கள் சுறாவைவிட வனத்துறைப் படகைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருந்தது. மாதத்தில் 12 நாட்கள் மட்டும் பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது இந்தப் பெண்களைத் திரட்டி நிறுத்தியதற்காக.

இவர்கள் தவிர்த்து நடப்பது திருக்கை, சொறிமீன், கடல்முள்ளி, பாறைக்கும் தனக்கும் வித்தியாசம் காட்டாத கல்மீன். எதுவும் தேடி வருவதில்லை, எல்லாம் தம் பாட்டுக்கு இருப்பவை. இவற்றின் வாயைக் கட்ட எந்தக் காலத்திலும் யாரும் மந்திரம் சொன்னதாகத் தெரியவில்லை.

திருக்கை, கல்மீன் இரண்டின் நஞ்சும் சூட்டில் வலுவிழக்கும் புரதம். குத்துப்பட்ட காலை, தோல் வெந்துவிடாமல் பொறுக்கும் அளவு வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி பெருமளவு இறங்கும். கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. முள் ஒடிந்து உள்ளே தங்கியிருக்கலாம், ஆகவே வலி இறங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் முள்ளைப் பிடுங்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். படகில் ஏறும்போது லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறோம். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

(தொடரும்)