சுரங்கப்பாதையும் சாவியும்

"இரண்டு வரி தட்டினால் வேலை முடிந்துவிடும், ஐயா" என்று பேராசிரியரிடம் மார்தட்டிக்கொண்டவன் நான். சென்ற ஆண்டு நடந்தது இது.

நம் கணினி அறிவியல் துறையின் மூலையறையில் லினக்ஸ் சர்வர் ஒன்று இயங்குவதை நண்பர்கள் அறிவீர்கள். இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட் வேலைகளும் அகமதிப்பீட்டு மதிப்பெண்களும் அதில்தான் உள்ளன. வளாகத்திற்குள்ளிருந்து மட்டுமே அதனை அணுக முடியும். மாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடும் மாணவர்கள் வீட்டிலிருந்தும் வேலை செய்ய வழி வேண்டும். ஆனால் வெளியார் ஒருவரும் நுழைந்துவிடக் கூடாது. இப்பொறுப்பைப் பேராசிரியர் என்னிடம் ஒப்படைத்தார்.

இதற்கு உகந்தது வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனிவலை. பொது இணையத்தின் ஊடே நமக்கென ஒரு சுரங்கப்பாதை என்று கொள்ளலாம். அதில் செல்லும் செய்தி யாவும் பிறர் படிக்க இயலாத மறைகுறியாக மாறிச் செல்லும். 2001 முதல் வழங்கிவரும் ஓப்பன்வி.பி.என்., பின்னர் வந்த வயர்கார்டு ஆகியவை இதற்கான மென்பொருள்கள். வயர்கார்டு 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கெர்னல் 5.6 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே புதிய சர்வர்களில் நாம் நிறுவும் பேக்கேஜில் வருவன பெரும்பாலும் அதை இயக்கும் சிறு கருவிகளே.

எல்லாவற்றையும் தானே நிறுவித்தரும் நிரல் ஒன்றை எங்கிருந்தோ இறக்கி, ரூட் என்னும் முழு அதிகாரத்துடன் ஓட்டப் போனேன். பேராசிரியர் கையமர்த்தினார். "இதை எழுதியவர் யாரப்பா? ஒரு தடவை படித்தாவது பார்த்தாயா?"

நான் விழித்தேன். டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளின் களஞ்சியத்திலிருந்து பேக்கேஜை எடுக்கும்போது, முதலில் அதன் பட்டியலில் உள்ள மின்கையொப்பம் சரிபார்க்கப்படுகிறது. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் உரிய கணக்கீட்டு முத்திரை அப்பட்டியலில் உண்டு. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை பொருந்தாது. சர்வர் நிறுவ மறுத்துவிடும். நான் ஓட்டவிருந்த நிரலுக்கு இந்தக் காவல் ஏதுமில்லை.

கையொப்பம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு டெபியனிலேயே சான்று உண்டு. 2006இல் அதன் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில், பிழைகாணும் கருவி எச்சரித்ததை நம்பிச் சில வரிகளை நீக்கினார்கள். சாவி உருவாக்கும்போது குலுக்கிப் போடப்படும் தற்செயல் எண்களுக்கு அவ்வரிகளே ஊற்று. விளைவு, எண்ணிலடங்காமல் பிறக்க வேண்டிய சாவிகள், வகைக்கு ஏறத்தாழ 32,000க்குள் சுருங்கிவிட்டன. கணிப்பொறிக்கு இதனை வரிசையாகப் போட்டுப் பார்ப்பது விளையாட்டு. 2008 மே மாதம்தான் இக்குறை வெளியானது. ஓப்பன்வி.பி.என். சாவிகளும் இதில் அகப்பட்டன. பேக்கேஜைப் புதுப்பித்தவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. பழைய சாவிகளையும் தூக்கியெறிந்து புதியன செய்ய வேண்டியிருந்தது.

இதைக் கேட்ட பிறகே முறையாகத் தொடங்கினேன். களஞ்சியத்திலிருந்து வயர்கார்டு கருவிகளை நிறுவ இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இணைய இணைப்பில் யு.டி.பி. 51820 என்னும் வாயிலைச் சர்வருக்குத் திருப்பினோம். தீயரணை இயக்கும் முன் எஸ்.எஸ்.எச். வாயிலைத் திறந்துவைக்க மறந்து, ஆய்வகத்தில் அமர்ந்தபடியே என்னை நானே வெளியே தள்ளிக்கொண்டதையும் சொல்லத்தான் வேண்டும். மூலையறைச் சாவி வைத்திருந்த அலுவலக உதவியாளர் அன்று விடுப்பு!

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்தேன். வயர்கார்டில் ஒவ்வொருவருக்கும் இரு சாவிகள் உண்டு. பொதுச்சாவியை யாருக்கும் தரலாம். தனிச்சாவி உரியவரின் கருவியை விட்டு வெளியேறக் கூடாது. நானோ ஆறு நண்பர்களுக்கும் சர்வரிலேயே சாவிகளை உருவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். உதவி செய்த பெருமிதம் வேறு! பேராசிரியர் அறிந்ததும், "அப்படியானால் ஆறு பேரின் வீட்டுச் சாவியும் உன் பையில் இருக்கிறது, இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றே அத்தனையும் அழித்தேன். நண்பர்கள் தத்தம் கருவியில் சாவிகளை உருவாக்கி, பொதுச்சாவியை மட்டும் தந்தார்கள். சர்வரின் சொந்தத் தனிச்சாவியையும் ரூட் தவிர வேறெவரும் படிக்க இயலாதபடி வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர்களுள் ஒருவன் பஸ்ஸில் கைப்பேசியைத் தொலைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு நண்பனின் கைப்பேசியிலிருந்து அழைத்தான். சர்வரில் அவனது பொதுச்சாவி இருந்த பகுதியை நீக்கி, வயர்கார்டை மீண்டும் இயக்கினேன். மற்ற ஐவரும் மறுநாள் வழக்கம்போல் வேலை செய்தார்கள்.