விரலுக்குத் தக்க திரை

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. ரூபவாஹினி தன் சேவையை ஆரம்பித்தது 1982 பெப்ரவரி 15ஆம் திகதி. அக்காலத்தில் ஒரு வீட்டுச் சிறு பெட்டியின் முன்னே அயலெல்லாம் கூடியிருந்து பார்த்தது. இன்று கல்முனைக் கடைத்தெருவுக்குச் செல்பவர் முன் சுவரளவு திரைகள் பல வரிசையாக ஒளிர்கின்றன. அவற்றின் பக்கத்திலே, கையடக்கமான ஒரு பெட்டி, 'நூறு அங்குலப் படம் காட்டுவேன்' என்று குறைந்த விலையில் அழைக்கிறது. இதுவே புரொஜெக்டர் எனப்படும் எறியி.

வீரமுனையிலோ சம்மாந்துறையிலோ பெரும்போக நெல்லை விற்ற காசில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கும் குடும்பத்துக்கு, அக்காசு மறுமுறை எளிதில் கைக்கு வருவதன்று. ஆகவே எதை வாங்குவது என்ற வினாவுக்கு விடை தேடுமுன், அதை எந்த அறையில், எந்த வெளிச்சத்தில் பார்க்கப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

தொலைக்காட்சிப் பெட்டிக்கும் எறியிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. பெட்டியின் திரை தானே ஒளிர்வது; எறியியோ சுவரின்மேல் ஒளியை வீசுவது. ஒளியை வீசலாம், இருளை வீச இயலாது. படத்திலே கருமையாகத் தோன்ற வேண்டிய இடம், எறியி ஒளி வீசாமல் விட்ட இடமேயாகும். அறையில் வெளிச்சம் இருந்தால் அவ்விடம் வெளிறிப் போகும். படம் முழுவதும் சாயம் போன துணியைப்போலத் தெரியும்.

இதனைக் கணக்கிட்டும் காணலாம். ஒளியின் அளவை லூமன் என்பர். மலிவான எறியிகளில் உண்மையான ஒளி 300 லூமன் அளவிலேயே இருப்பதுண்டு. அஃது ஒரு 3 வாற்று எல்.இ.டி. மின்குமிழின் ஒளிக்குச் சமம். நூறு அங்குலத் திரையின் பரப்போ ஏறத்தாழ 30 சதுர அடி. அச்சிறு குமிழின் ஒளியை இவ்வளவு பரப்பில் விரித்தால் என்ன எஞ்சும்? அதே அறையில் எரியும் 20 வாற்றுக் குழல்விளக்கு 2000 லூமன் அளவு ஒளி தருகிறது. வயல்வெளியை நோக்கிய யன்னல்களால் பகலொளி புகும் அறையில் நிலைமை இன்னும் மோசமாகும்.

பெட்டியின் உறையில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்களை அப்படியே நம்பலாகாது. 'ஆன்சி லூமன்' என்று குறித்த அளவையே கேட்டறிய வேண்டும். '4கே ஏற்கும்' என்ற வாசகமும் மயக்கம் தருவது. 4கே படத்தை உள்வாங்கித் தன் சிறு ஆற்றலுக்குச் சுருக்கிக் காட்டும் கருவியும் அவ்வாறே எழுதிக்கொள்ளலாம். கருவியின் இயல்பான புள்ளி எண்ணிக்கை 1920க்கு 1080தானா என்பதே கேள்வி.

இனித் தொலைக்காட்சிப் பெட்டியின் அளவு. அங்குலக் கணக்கு மூலைவிட்டத்தைக் குறிப்பது. 55 அங்குலத் திரை 32 அங்குலத் திரையிலும் பரப்பால் ஏறக்குறைய மூன்று மடங்கு பெரியது. அமர்ந்து பார்க்கும் தூரம் மூலைவிட்டத்தின் ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை இருப்பது கண்ணுக்கு இதம். நாற்காலி எட்டடி தூரத்தில் இருந்தால் 43 முதல் 55 அங்குலம் வரையான திரை போதும். அத்தூரத்தில் 43 அங்குலத் திரையின் 1920க்கு 1080 புள்ளிகளைச் சாதாரணக் கண் தனித்தனியே பிரித்தறியாது. எனவே அவ்வளவில் 4கே என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவு. பழைய முறை ஒளிபரப்பில் 625 கோடுகளுள் படத்தைத் தாங்குவன 576 மாத்திரமே. அதனைப் பெரிய திரையில் விரித்தால் குறைகளும் சேர்ந்தே பெரிதாகும்.

கடையில் ஓடும் விளம்பரப் படம் எந்தத் திரையிலும் அழகாகவே இருக்கும். வாங்குபவர் நாள்தோறும் பார்க்கும் செய்தியறிக்கையைப் போட்டுக் காட்டும்படி கேட்பதும், நேரே மாத்திரமன்றிப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதும் நலம். குடும்பத்தில் எல்லாரும் திரைக்கு நேரே அமர்வதில்லையல்லவா?

விலைச்சீட்டில் உள்ள தொகையோடு செலவு முடிவதில்லை. 100 வாற்றுப் பெட்டி நாளுக்கு ஐந்து மணி நேரம் இயங்கினால் மாதம் 15 அலகு மின்சாரம் செலவாகும். நமது வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. அலகு கூடக்கூட அலகின் விலையும் ஏறும். எறியிக்கு வெண்திரை, யன்னற் சீலை, தனி ஒலிபெருக்கி ஆகியவை வேண்டியிருக்கும். பழைய வகை விளக்கு பொருத்திய கருவியில் சில ஆயிரம் மணி நேரத்தில் விளக்கையும் மாற்ற நேரும். ஏப்ரலிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் இடி மின்னல் மிகும் நமது பகுதியில் மின்னழுத்தக் காப்புக் கருவி அவசியம். அதனோடு இடி முழங்கும்போது மின்செருகியையும் அன்டெனாக் கம்பியையும் கழற்றிவிடவும் வேண்டும். தவணைக்கு வாங்குவோர், முதற்பணத்தையும் எல்லாத் தவணைகளையும் கூட்டி ரொக்க விலையோடு ஒப்பிட்டபின் கையொப்பமிடுக. பழுதுபார்ப்போர் கல்முனையிலேயே உண்டா, உத்தரவாதம் திரைக்கும் பொருந்துமா என்பனவும் எழுத்தில் இருக்கட்டும்.

அப்படியானால் எறியி பயனற்றதா? அன்று. அதன் இடம் வேறு. 1975-76இல் இந்தியாவில் செய்மதி மூலம் 2400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடைபெற்றபோது, பொது இடத்தில் வைத்த பெட்டியின்முன் ஊரார் கூடிப் பார்த்தனர். அத்தகைய கூட்டத்துக்கே எறியி ஏற்றது. பாடசாலை மண்டபத்திலும் வாசிகசாலையிலும், இரவில் விளையாட்டு மைதானத்திலும், 3000 லூமனுக்குக் குறையாத நல்ல எறியி ஒன்று நூறு பேருக்குப் பயன்படும். பத்து வீட்டார் தனித்தனியே மலிவான எறியி வாங்கி ஏமாறுவதிலும், வாசிகசாலைக்கு ஒன்றை நல்லதாக வாங்கிக் கிரிக்கெட் ஆட்டத்தையும் பிள்ளைகளின் பாடத்தையும் கூடிப் பார்ப்பது சிக்கனமாகும். வீட்டின் முன்கூடத்துக்கோ, யன்னலைத் திறந்துவைத்தபடியே பார்க்கத்தக்க ஓர் அளவான தொலைக்காட்சிப் பெட்டி போதுமானது.