வகுப்பறையின் சிறு அறங்கள்

அறம் என்றதும் சத்திரம் கட்டுவதும் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்குப் பொருள் வேண்டும்; செய்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கவும் இடம் உண்டு. பொருளும் வேண்டாத, பெயரும் பொறிக்கப்படாத அறம் ஒன்று நாள்தோறும் பள்ளிக்கூடத்தில் நடைபெறுகின்றது. அதைச் செய்பவர் ஆசிரியர். அந்தச் சிறு அறங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

நான் தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நெடுங்காலம் ஆசிரியனாகப் பணியாற்றியவன். 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பின்னர் இருப்புப்பாதையின் இரு மருங்கிலும் ஊர்கள் பெருகின. குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலை ஒன்றினால் குரோம்பேட்டை பெயர் பெற்றது. பம்மலிலும் நாகல்கேணியிலும் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் கல்லுடைக்கும் தொழில் நடந்தது. பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் அமர்ந்தார்கள். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்தவர்கள். வீட்டில் பாடம் சொல்லித் தருவார் இல்லை. பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டால் ஏன் என்று கேட்பாரும் இல்லை. அத்தகைய பிள்ளையைப் பள்ளியோடு பிணைத்து வைப்பது பெரும்பாலும் ஆசிரியரின் ஒரு சொல்தான்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கையும் உவமை ஆக்கினார். நிலம் பொறுமைக்கும், மலை கல்வியின் பெருமைக்கும், துலாக்கோல் நடுநிலைக்கும் பொருந்துவது எளிதில் விளங்கும். மலர் எதற்கு? மென்மைக்கும், உரிய பொழுதில் முகம் மலர்வதற்கும் என்கிறார். இலக்கண நூலின் வாயிலில் முகமலர்ச்சியையும் ஆசிரியருக்குரிய இலக்கணமாக வைத்தது எண்ணி மகிழத்தக்கது.

அந்த முகமலர்ச்சி செயலில் எவ்வாறு வெளிப்படும்? வருகைப் பதிவேட்டிலேயே தொடங்கலாம். மூன்று நாள் வராத மாணவனை நோக்கி, “ஏன் வரவில்லை?” என்று அதட்டுவதும் ஒரு கேள்விதான். “தம்பி, மூன்று நாளாய்க் காணோமே, வீட்டில் எல்லாரும் நலந்தானே?” என்பதும் ஒரு கேள்விதான். முதற் கேள்விக்குப் பொய் விடையாக வரும். இரண்டாவதற்கு உண்மை விடையாக வரும்.

என்னோடு பணியாற்றிய கணக்காசிரியர் ஒருவரைச் சொல்கின்றேன். அவர் மேசை அறையில் சில எழுதுகோல்களும் இரண்டொரு குறிப்பேடுகளும் எப்போதும் இருக்கும். இல்லாத பிள்ளைக்கு அவற்றைக் கொடுக்கும்போது, “கடனாக வைத்துக்கொள், முடிந்தபோது திருப்பித் தா” என்பார். திருப்பித் தந்தவர் எத்தனை பேர் என்று அவர் கணக்குப் பார்த்ததில்லை. கொடுப்பதைக் கடன் என்றதனால், வாங்கிய பிள்ளை தலைகுனிய நேரவில்லை. ஒரு சமயம் கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் இரு வாரம் வரவில்லை. பள்ளி விட்டதும் அவ்வாசிரியர் அவன் குடிசைக்கு நடந்தார். தாய் நோயுற்றிருந்தாள், கைக்குழந்தையான தங்கையைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டில் நின்றிருந்தான். “தங்கச்சியையும் தூக்கிக்கொண்டு வா” என்றார் அவர். ஒரு மாதம் அக்குழந்தை கடைசி வரிசையில் துணிவிரிப்பில் உறங்கியது. அண்ணன் கணக்குப் போட்டான். அவன் பத்தாம் வகுப்பைத் தேறி வெளியேறியதற்கு அந்த ஒரு மாதமே காரணம் என்று நான் உறுதியாக நம்புகின்றேன்.

பசியும் வகுப்பறைக்குள் வரும் விருந்தாளியே. 1920-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பகலுணவு அளித்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1982-இல் சத்துணவாக அது விரிந்தது. 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கியது. இவை அரசு செய்த பேரறங்கள். ஆயினும், தட்டை ஏந்தி நிற்கக் கூசும் பிள்ளையின் அருகில் அமர்ந்து தானும் அந்த உணவை உண்பது ஆசிரியரால் மட்டுமே இயலும்.

மற்றொன்று, காத்திருத்தல். அமெரிக்க அறிஞர் மேரி பட் ரோ என்பவர் வகுப்பறைகளை ஆராய்ந்து 1974-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியே விடைக்குக் காத்திருந்தனர். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. தெரியாது என்போர் குறைந்தனர். வாய் திறவாதவர்களும் பேசினர். இரண்டு நொடிப் பொறுமை ஒரு குழந்தைக்கு நாவைத் தருகின்றது! இதற்குச் செலவு யாது?

2015 டிசம்பரில் அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராசபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. புத்தகங்களும் சான்றிதழ்களும் நீரோடு போயின. இழந்தவற்றை மீண்டும் வழங்க அரசு ஏற்பாடு செய்தது. ஆனால் அச்சத்தோடு திரும்பிய குழந்தையிடம் முதல் நாளே வீட்டுப்பாடம் கேட்பதா, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பதா என்பதை எந்த ஆணையும் வகுக்க முடியாது. அது ஆசிரியரின் உள்ளத்தைப் பொறுத்தது.

அன்பு என்றால் கண்டிப்பின்மை என்று சிலர் கருதுவர். தவற்றைத் திருத்தாமல் விடுவது அன்பாகாது. மாணவனைத் தனியே அழைத்துத் திருத்தினால் அவன் திருந்துவான். நாற்பது பேர் முன்னிலையில் இகழ்ந்தால் கருகுவான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை வருத்துவதையும் தடை செய்திருக்கின்றது. சட்டம் தீமையைத் தடுக்கும். நன்மையை ஆசிரியர்தாம் செய்தல் வேண்டும்.

1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ், தம் துணைவியார் ஆலிசுடன் சேர்ந்து புதர் மண்டிய அந்நிலத்தில் மரக்கன்றுகளை நட்டுப் பேணினார். 1941-இல் அவர் மறைந்தார். இன்று அவ்வளாகத்தில் நிழலில் நடக்கும் மாணவர்களுள் பலர் அவர் பெயரை அறியார். நட்டவரை அறியாதவருக்கும் நிழல் ஒன்றுபோலவே குளிர்கின்றது.

நாளைக் காலை வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரிய நண்பர்களை ஒன்று வேண்டுகின்றேன். கடைசி வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையை ஒருமுறை பெயர் சொல்லி அழையுங்கள். மறுநாளும் அவ்வாறே அழையுங்கள்.