ரவிவர்மா ஓவியத்தில் வந்த தந்தை. சட்டத்தில் வர 83 ஆண்டுகள்

புதுதில்லி: ராஜா ரவிவர்மாவின் படைப்புகளை 1979-ல் மத்திய அரசு கலைக் கருவூலங்களாக அறிவித்தது. நாடாளுமன்றம் 1972-ல் இயற்றிய சட்டப்படி அவற்றை உள்நாட்டில் விற்கலாம். தனியார் எவரும் ஏற்றுமதி செய்ய முடியாது. அவற்றுள் ஓர் ஓவியம், ஒரு சமூகத்தின் சட்ட வரலாற்றையே தன்னுள் அடக்கியிருக்கிறது.

"இதோ அப்பா வருகிறார்" என்ற அந்த ஓவியம் 1893-ல் தீட்டப்பட்டது. வெண்ணிற ஆடை உடுத்திய இளந்தாய், அவள் இடுப்பில் குழந்தை, அருகே ஒரு நாய். தாயும் சேயும் ஒரே திசையில் பார்க்கின்றனர். வருகிறவர் படத்தில் இல்லை. அவர் வருகையின் எதிர்பார்ப்பு இருவர் முகத்திலும் தெரிகிறது. ஓவியத்தில் இருப்பவர்கள் ரவிவர்மாவின் மகள் மகாபிரபாவும் பேரனும். அதே ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்குச் சென்ற அவரது பத்து ஓவியங்களில் இதுவும் ஒன்று.

தந்தையை எதிர்பார்ப்பதில் என்ன புதுமை? அன்றைய கேரளத்தில், நாயர் உள்ளிட்ட பல சமூகங்களில், மருமக்கள்தாயமே நடைமுறை. பிள்ளைகள் தாயின் தரவாட்டைச் சேர்ந்தவர்கள். நிர்வாகம் தாய்மாமன் கையில். தந்தையின் தரவாட்டுச் சொத்தில் பிள்ளைகளுக்குப் பங்கில்லை. ரவிவர்மாவின் மகள்கள்கூட அவரது கிளிமானூர் குடும்பத்தினர் அல்லர். தாய்வழியில் மாவேலிக்கரை அரச குடும்பத்தினர்.

இந்த மணவுறவுகளை நீதிமன்றங்கள் சட்டபூர்வ திருமணமாக ஏற்கவில்லை. இதுபற்றி ஆராய 1891-ல் சென்னை அரசு அமைத்த ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி தி. முத்துசாமி ஐயர். 1896-ல் வந்த மலபார் திருமணச் சட்டம், விரும்பியவர்கள் பதிவு செய்துகொள்ள வழிசெய்தது. பதிவு செய்தவர்கள் சிலரே.

திருவிதாங்கூரில் 1925-ம் ஆண்டு நாயர் சட்டம் தரவாட்டுச் சொத்தைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள அனுமதித்தது. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் மகாராணி சேது லட்சுமிபாய். ஓவியத்தில் நிற்கும் மகாபிரபாவின் மகள் அவர்!

நாடாளுமன்றத்தின் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமும் மருமக்கள்தாயச் சொத்துக்குத் தனிப்பிரிவு வகுத்தது. கேரள சட்டமன்றம் 1975-ல் இயற்றிய கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்து, அம்முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இதைச் சீர்திருத்தம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பழைய முறையில் நிர்வாகம் ஆணிடம் இருந்தாலும், பெண் வாழ்ந்தது தன் சொந்த வீட்டில். கணவன் வீட்டை அண்டியிருக்கும் கட்டாயம் அவளுக்கு இல்லை. தந்தை உள்ளே வந்தபோது அந்தப் பாதுகாப்பு வெளியேறியது.

கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழகம் 1989-ல் சட்டம் செய்தது. நாடாளுமன்றம் அதைச் செய்தது 2005-ல். தரவாட்டில் பிறந்த பெண்ணுக்கோ, ரவிவர்மா தூரிகையை எடுக்கும் முன்பே அந்த உரிமை இருந்தது.