இலவச செக்கப்புக்கு ஏன் பில் வருகிறது?

அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்த நம்மூர்க்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஆனுவல் ஃபிசிக்கல் ஃப்ரீன்னு இன்சூரன்ஸ்ல போட்டிருக்கே, அப்புறம் ஏன் பில் வருது?" டாக்டர் ஏமாத்திட்டார், இன்சூரன்ஸ்காரன் ஏமாத்திட்டான்னு ஆளாளுக்கு ஒரு முடிவு. பெரும்பாலும் ரெண்டும் இல்லை. கொஞ்ச நாளாக இந்த பில்லிங் கோடுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். புரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

நம்மூரில் கணக்கு எளிது. டாக்டரைப் பார்த்தால் கன்சல்டிங் ஃபீஸ். காய்ச்சலோ, முதுகுவலியோ, ரெண்டும் சேர்ந்தோ, ஃபீஸ் ஒன்றுதான். ஒரு வாரத்துக்குள் ரெவ்யூவுக்குப் போனால் பல இடங்களில் அதுவும் வாங்க மாட்டார்கள். அமெரிக்காவில் நீங்கள் எதற்காகப் போனீர்கள், அங்கே டாக்டர் என்ன வேலை செய்தார் என்பதை வைத்துத்தான் காசு.

2010-ல் வந்த அஃபோர்டபிள் கேர் சட்டப்படி, குறிப்பிட்ட சில நோய்த்தடுப்புச் சேவைகளுக்குப் பெரும்பாலான பிளான்கள் நம்மிடம் காசு வாங்கக்கூடாது. டாக்டர் அந்த பிளானின் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வருடாந்திர விசிட்டை இந்தக் கணக்கில்தான் பிளான்கள் சேர்க்கின்றன. அதற்கான கோடுகள் தனி. ஏற்கெனவே அந்த டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கும் 40 முதல் 64 வயதுக்காரருக்கு 99396. உடம்புக்கு ஏதோ ஒன்று என்று போனால் வேறு வரிசை: 99213, 99214 என்று போகும். இவற்றுக்குக் கோபே உண்டு, டிடக்டிபிள் உண்டு. கோபே என்பது ஒரு விசிட்டுக்கு நாம் கட்டும் நிலையான தொகை. டிடக்டிபிள் என்பது இன்சூரன்ஸ் தன் பங்கைப் போட ஆரம்பிக்கும் முன் அந்த வருடத்தில் நாம் கைக்காசில் கட்டி முடிக்க வேண்டியது.

வம்பு எங்கே வருகிறது என்றால், ஒரே நாளில் ரெண்டும் நடக்கலாம். செக்கப்புக்குப் போன இடத்தில் "ரெண்டு மாசமா தோள்பட்டை வலி டாக்டர்" என்கிறீர்கள். அவர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறார், எக்ஸ்ரே எழுதுகிறார், மாத்திரை எழுதுகிறார். செக்கப்புக்கு ஒரு கோடு, தோள்பட்டைக்கு ஒரு கோடு, ரெண்டாவதின் வாலில் மாடிஃபையர் 25. "அதே நாளில் தனியாக அடையாளம் காட்டக்கூடிய இன்னொரு வேலையும் செய்தேன்" என்று அதற்கு அர்த்தம். இது விதிப்படி சரிதான். சின்ன விஷயமாக இருந்து கூடுதல் வேலை ஒன்றும் இல்லாவிட்டால் தனியே போடக்கூடாது என்பதும் அதே விதிதான்.

நேரத்தை வைத்துக் கோடு போட்டால் 99213-க்கு 20 நிமிடம், 99214-க்கு 30 நிமிடம் வேண்டும். "என்னை அஞ்சு நிமிஷம்தான் பார்த்தார்"னு சண்டைக்குப் போகாதீர்கள். 2021 முதல், அதே நாளில் அவர் உங்கள் பழைய ரிப்போர்ட்டைப் படித்த நேரமும் குறிப்பு எழுதிய நேரமும் இதில் சேரும். நேரமே பார்க்காமல், எவ்வளவு சிக்கலான முடிவு எடுத்தார் என்பதை வைத்தும் கோடு போடலாம்.

இதையெல்லாம் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு சிலர் இப்போது ஒரு தந்திரம் சொல்கிறார்கள்: செக்கப்பில் வாயே திறக்காதே. எனக்கு இது பயமாக இருக்கிறது. நெஞ்சு அழுத்தம், கட்டி, மலத்தில் ரத்தம் இதையெல்லாம் நூறு, இருநூறு டாலருக்காக மறைத்துவிட்டு வந்தால் அப்புறம் செக்கப் எதற்கு? தோள்பட்டை மாதிரி விஷயம் என்றால் நேராகவே கேளுங்கள்: "இதை இன்னிக்கே பார்த்தா தனி விசிட்டா பில் ஆகுமா?" கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆகும் என்றாலும், இன்னொரு நாள் லீவு போட்டு வருவதற்கு இன்றே முடிப்பது பல நேரம் லாபம்.

இன்னொன்று, நம்மூர் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பழக்கம். "எல்லா டெஸ்டும் எழுதிடுங்க டாக்டர்" என்போம். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு விட்டமின் டி, தைராய்டு டெஸ்ட் இரண்டும் அந்த இலவசப் பட்டியலில் இல்லை. லேபிலிருந்து தனியாக பில் வரும்.

புது டாக்டர் என்றால் ரேட் கூடுதல். மூன்று வருடம் அந்தப் பக்கம் போகாவிட்டால் பழைய டாக்டருக்கும் நீங்கள் புது பேஷண்ட்தான். ராத்திரி காய்ச்சலுக்கு அர்ஜென்ட் கேர் போதும். எமர்ஜென்சி ரூமில் டாக்டர் பில் தவிர ஆஸ்பத்திரிக்கென்று தனிக் கட்டணமும் விழும். டெக்சஸில் ஆஸ்பத்திரியோடு ஒட்டாமல் கடைத்தெருவிலேயே எமர்ஜென்சி ரூம்கள் உண்டு, பார்க்க அர்ஜென்ட் கேர் மாதிரியே இருக்கும். போர்டை ஒருமுறை நன்றாகப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

பில் வந்துவிட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் அனுப்பும் விளக்கத் தாளோடு ஒப்பிட்டு, கோடு வாரியாக பில் கேளுங்கள். நீங்கள் பேசாத பிரச்சினைக்கு 99214 இருந்தால், கோடைத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். இன்சூரன்ஸ் தர மறுத்தால், அந்தக் கடிதம் வந்து 180 நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்சூரன்ஸே இல்லையா? 1 ஜனவரி 2022 முதல், கைக்காசு கட்டுபவர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேட்டு வாங்கி வையுங்கள். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், 120 நாளுக்குள் அரசிடம் முறையிட வழி இருக்கிறது.