குட்டி ஜெட்... குலை நடுக்கம்!

ப்ளைவுட்டில் ஜெட் என்ஜினா? ஜெர்மனிக்காரர் கர்ட் ஷ்ரெக்லிங் செய்து காட்டினார், சார்! காற்றை அழுத்தும் சக்கரத்தை ப்ளைவுட்டில் செய்து, கார்பன் நாரைச் சுற்றி, 1990 வாக்கில் மாடல் விமானத்துக்கென்றே ஒரு குட்டி என்ஜினை ஓடவிட்டார்.

அதன் வாரிசுகள் இன்று கடையிலேயே கிடைக்கின்றன. உலோகச் சக்கரம், ஃபிளாஸ்க் சைஸ். ஆனால் நிமிடத்துக்கு லட்சம் சுற்று! குடிப்பது மண்ணெண்ணெய், பேரிங்குக்காக அதிலேயே கொஞ்சம் ஆயில். வால் பக்கம் அனல் 600 டிகிரிக்கு மேல். ஸ்டார்ட் பண்ணும்போது பக்கத்தில் தீயணைப்பான் ரெடியாக இருக்கணும். அமெரிக்காவில் இதைப் பறக்கவிட மாடல் விமானச் சங்கத்தின் தனி அனுமதியே வேண்டும்.

பறக்கிறபோது பிரச்னையில்லை. இறங்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். புரொப்பெல்லர் மாடல் என்றால், ரிமோட்டில் ஸ்டிக்கைத் தள்ளிய உடனே இழுக்கும். ஜெட்டோ நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி. தள்ளினாலும் நகர மூணு, நாலு செகண்ட் ஆகும். 'ஐயோ, உயரம் குறையுதே' என்று கடைசியில் முடுக்கினால் சத்தம் வரும், விமானம் எழும்பாது. அதனால் விவரமானவர்கள் ஃப்ளாப்பை விரித்து வேகத்தைக் கட்டுப்படுத்தி, என்ஜினை மட்டும் தூங்கவிடாமலே கொண்டுவருவார்கள்.

அந்த மூணு செகண்டில் தொங்குவது, மாதக்கணக்கில் ராத்திரி கண்விழித்து ஒட்டிய இறக்கை. அப்புறம், வீட்டம்மாவிடம் பாதி மட்டுமே சொன்ன விலை!